இருநூறு பேருக்கு ஒரு தொண்டை

அவளுக்கு வாய்த்தது அம்மாவின் தொண்டை. அம்மா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். வெங்காய விலையைச் சொன்னால் எதிர் வரிசை மீன்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கடையில் கூவி வளர்ந்த மகளைப் பல்கலைக்கழக நூலகத்தின் காவலர் முதல் வாரமே வெளியே அனுப்பினார். இத்தனைக்கும் அவள் பேசவில்லை, இருமினாள். விடுதி அறையில் அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து அறையிலிருந்து பதில் வரும்.

அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். புள்ளியியல் வகுப்பில் மட்டும் இருநூறு பேர். மேடையில் மைக் ஒன்று நின்றது. அது பேசிக் கேட்டவர்கள் எல்லாம் படித்து முடித்துப் போய்விட்டிருந்தார்கள். பேராசிரியருக்கு அறிவு கடல், குரல் சொட்டு. நாலாவது வரிசையைத் தாண்டாது. கடைசி வரிசையில் இடம் கிடைத்த இவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் தேர்வில் கோட்டை விட்டாள்.

"பருவத் தேர்வுலயும் இப்படின்னா கடைக்கு வந்துரு. அந்தக் குரலாவது வீணாப் போகாது" என்றாள் அம்மா போனில். அம்மா சொன்னால் சொன்னதுதான். கடையில் உட்கார அவளுக்கு வெட்கமில்லை. ஆனால் முட்டி மோதி ஒரு கணக்குப் பிடிபடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

மறுநாளிலிருந்து முண்டியடித்து நாலாவது வரிசையில் இடம் பிடித்தாள். பின்னாலிருந்து தூங்குமூஞ்சி என்று பேரெடுத்த பையன் எட்டிக் கேட்டான்: "என்ன சொன்னாரு?" அவள் திரும்பி அவனுக்குத்தான் சொன்னாள். கேட்டது அரங்கம் முழுவதற்கும். பேராசிரியரின் சாக்பீஸ் நின்றது. தொலைந்தாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவரோ அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக் காத்திருந்தார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் சொல்ல, இவள் தொண்டைத்தண்ணி வற்றத் திருப்பிச் சொல்ல, கடைசி வரிசைகூட எழுத ஆரம்பித்தது. 'ஸ்பீக்கர்' என்று பட்டம் வைத்தார்கள். அவளுக்குப் பெருமைதான், பொய் எதற்கு? ஆனால் ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தபோது முதல் வரியே ஓடவில்லை. காதில் வாங்கியதெல்லாம் வாய் வழியாகவே போய்விட்டிருந்தது. தலையில் ஒன்றும் தங்கவில்லை. இத்தனை நாளும் பார்த்தது கிளிப்பிள்ளை வேலை.

அடுத்த வகுப்பில் பேராசிரியர், "சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறதென்று பார்த்து, விலகலை வர்க்கம் செய்ய வேண்டும்" என்றார். அவள் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது.

"என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல சார். எதுக்கு வர்க்கம்னு புரியல. புரியாதத இனிமே சொல்றதா இல்ல."

அவர் முகம் சிவந்தது. இன்னொரு தரம் சொன்னார். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டாள். அவர் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடி சொன்னார். அதற்கும் மசியவில்லை. அதற்கடுத்த தரம் சொன்னபோதுதான் அவளுக்குச் சட்டென்று விளங்கியது. எழுந்து பின்பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா கடையில ஒருநாள் சராசரிய விட இருபது கிலோ கூட விக்குது, மறுநாள் இருபது கிலோ கம்மியா விக்குது. ரெண்டையும் கூட்டினா விலகலே இல்லன்னு வரும். ஆனா சரக்கு பத்தலன்னும் மீந்துபோச்சுன்னும் ரெண்டு ராத்திரியும் எங்கம்மா தூங்கல. அதனால அந்த மைனஸ ஒழிக்கணும். வர்க்கம் எடுத்தா அதுவும் பிளஸ் ஆயிடும்."

அன்று முதல் புரிந்ததை மட்டுமே சொன்னாள். பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. பேராசிரியரும் அவள் எழுந்து திரும்பும்வரை அடுத்த வரிக்குப் போகவில்லை.

பருவத் தேர்வில் பாதி மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கு; ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுவார்கள். தவறினால் கடைதான். சராசரியை எப்போது நம்பக் கூடாது என்று கேட்டார் பேராசிரியர். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பத்துப் பேர் கிலோ கிலோவாக வாங்கும் கடையில் ஒரு ஹோட்டல்காரர் வந்து மூட்டையாக அள்ளிப் போனால் சராசரி எகிறிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவர் என்ன வாங்கினார் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று விளக்கினாள்.

"மெதுவாம்மா. வெளிய நிக்கறவங்களுக்கும் நீயே மார்க் வாங்கிக் குடுத்துடுவ போலிருக்கே!"

"மெதுவாச் சொன்னா எனக்கே மறந்துடும் சார்."

அவர் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தமில்லை. "பாஸ். போய் அடுத்த ஆள அனுப்பு."

வராந்தாவில் காத்திருந்தவர்கள் ஹோட்டல்காரரையும் மூட்டையையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி குஷியாக உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் வேர்த்திருந்தது.

"கேள்விய மாத்திட்டாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் தொண்டையே இவன் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டதே!

"போச்சா?"

"ஏன் போகுது? எதுக்கு வர்க்கம் எடுக்கறோம்னு கேட்டாரு. உங்கம்மா தூங்காம இருந்ததச் சொன்னேன். பாஸ்னுட்டாரு."