என் மகளின் வகுப்பில் மைக் திறந்திருந்தது

என் மகளை அடித்தேன். இந்த வலது கையால்தான். அதைச் சொல்லாமல் மாதா செய்த உதவியை மட்டும் சொன்னால் அது சாட்சியாகாது.

நாங்கள் அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர். மகள் ரோஸ்லின் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பி.காம். படிக்கிறாள். நான் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் வாங்கியவன். போனுக்குள் நடப்பதைப் படிப்பென்று ஏற்க மனம் வரவில்லை. முதல் பருவத்தில் இரண்டு தாளில் அரியர் விழுந்ததும் என் சந்தேகம் பயமாகிவிட்டது. பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தேன்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் உபவாசம். காலையில் அவள் அறையில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். போன் திரை கறுப்பாக இருந்தது. யார் முகமும் இல்லை.

"யாருகிட்டடி இளிச்சிக்கிட்டு இருக்க?" என்றேன். பதில் வருமுன் காதோடு சேர்த்து அறைந்தேன். நாற்காலியோடு விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் நோட்டில் சொட்டியது. தகப்பன் சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொன்னேன்.

தரையில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ரோஸ்லின், என்னம்மா ஆச்சு? உன் மைக் ஆன்ல இருக்கு."

அது அவளுடைய ஆசிரியை. சிக்னல் குறைவு என்பதால் கேமராவை அணைத்துவிட்டுப் பாடம் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு முழுவதும் என் பேச்சைக் கேட்டுவிட்டது. ரோஸ்லின் அழவில்லை. போனையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை.

மதியம் வெடி சங்கு ஊதியது. பாறைக்கு வெடி வைக்குமுன் மூன்று முறை ஊதுவார்கள். முதல் சங்குக்கே ஆடுகளையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் அழைத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டை விட்டால் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், சுரங்கத்து ஓரம் இருக்கும் மண்மேடு. மதிய வகுப்புக்கு அங்கேதான் போயிருப்பாள்.

ஓடினேன். பாதி வழியில் இரண்டாம் சங்கு. மேட்டு உச்சியில் அவள் தலை தெரிந்தது. கத்தினேன். திரும்பவில்லை. கால் தடுக்கி விழுந்தேன். "ஏலாக்குறிச்சி மாதாவே, இந்தக் கைய எடுத்துக்க. எம்புள்ளைய விட்டுடு" என்று மண்ணில் கிடந்தபடி கதறினேன்.

மூன்றாம் சங்கு. தலையைத் தூக்கினேன். ரோஸ்லின் மேட்டிலிருந்து இந்தப் பக்கமாக உருண்டு வந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளை இழுத்துப் போட்டு மேலே கவிழ்ந்தேன். பூமி அதிர்ந்தது. கற்கள் மழையாக விழுந்தன. ஒன்று என் வலது மணிக்கட்டை நொறுக்கியது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் குடம் அளவு பாறை கிடந்தது.

ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள். "காலையில நீங்க அடிச்சதுலேந்து காது கொய்ங்னு இருந்துச்சுப்பா. சங்கையும் அதுன்னே நெனச்சிட்டேன்."

சங்கு ஊதிய நேரம் ஆசிரியை கேட்ட கணக்குக்குப் பதில் சொல்ல அவள் மைக்கைத் திறந்திருக்கிறாள். சங்குச் சத்தம் அதன் வழியே வகுப்புக்குள் போயிருக்கிறது. கூடப் படிக்கும் விக்கிரமங்கலத்துக் கலைவாணியின் அப்பா சுரங்கத்து லாரி ஓட்டுகிறவர். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். "ஏய், அது வெடி சங்குடி, எறங்கு" என்று அவள் போட்ட கூச்சல், ரோஸ்லினின் நல்ல காதில் இருந்த இயர்போனில் கேட்டிருக்கிறது. வகுப்பே இல்லை என்று நான் நினைத்த கறுப்புத் திரையிலிருந்துதான் மாதா பேசினார்.

"நான் கேட்டபடி மாதா கைய எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றேன்.

"மாதா கையெல்லாம் ஒடைக்க மாட்டாங்கப்பா. அது கல்லு" என்றாள்.

எல்லோரும் கேட்க அடித்தவன் எல்லோரும் கேட்கத்தான் மன்னிப்பு கேட்க வேண்டும். அடுத்த வகுப்பில், கட்டுப் போட்ட கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைத் திறக்கச் சொன்னேன். "நான் ரோஸ்லினோட அப்பாங்க. அன்னைக்கு நீங்க கேட்ட குரல் என்னோடதுதான். எம்புள்ள ஒரு தப்பும் பண்ணல." கலைவாணி, "சரிங்கப்பா, தள்ளி உக்காருங்க. கணக்கு நடக்குது" என்றாள். வகுப்பே சிரித்தது. என் மகளும் சிரித்தாள்.

இப்போது வகுப்பு நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி இல்லை, கூச்சல் இல்லை. முன்னறைக்கு இணைய இணைப்பு வாங்கிக் கொடுத்தேன். ரோஸ்லின் தினமும் அதே நேரத்துக்கு உட்காருகிறாள். கேட்டதைக் கையால் எழுதுகிறாள். அன்றைய சந்தேகத்தை அன்றே வாய்விட்டுக் கேட்கிறாள். மாலையில் கலைவாணியோடு போனில் சேர்ந்து படிக்கிறாள். இரண்டு அரியரும் முடிந்தன. ஸ்தோத்திரம். அவள் இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அதற்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், மணிகளை இடது கையில் உருட்டியபடி.

உங்கள் பிள்ளையும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், கை ஓங்குமுன் அந்தத் தாயிடம் பேசுங்கள். அவர் கேட்பார். பிறகு கதவோரம் சும்மா உட்கார்ந்திருங்கள். வெளியே சங்கு ஊதினால் பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.