கைராசிக்காரி

புறக்கோட்டையில் நான் வேலை செய்கிற துணிக்கடையில் பெண்கள் உட்காரக்கூடாது. முதலாளியின் சட்டம். ஆள் வராத நேரத்திலும் நின்றபடிதான் துணி மடிக்க வேண்டும். அதனால்தான் வெள்ளவத்தையில் வசதியில்லாத இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கப் பயிற்சி தருகிறார்கள், கடைசி நாள் சந்தையில் கூடுதலாக விற்பவருக்குத் தையல் மெஷின் பரிசு என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். தையல் உட்கார்ந்துகொண்டு செய்கிற தொழில். எனக்கு அது போதும்.

பயிற்றுநர் டை கட்டியவர். வியாபாரத்தில் ராசி, நேரம் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் திட்டமிடல்தான் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தொண்டை கிழியச் சொன்னார்.

சந்தையன்று, இரவல் மெஷினில் தைத்த துணிப்பைகளை அடுக்கி வைத்தேன். பக்கத்து மேசையில் கொட்டாஞ்சேனைத் தங்கச்சி ஒருத்தி மெழுகுதிரிகளோடு அழாக்குறையாக நின்றாள். பாவம் என்று ஒன்று வாங்கினேன். அவள் காசைக் கண்ணில் ஒற்றவும், பக்கத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கூட்டம் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மெழுகுதிரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வந்ததே எனக்கு வினை!

எனக்குக் கைராசி என்று மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. ஊறுகாய்க்காரி இழுத்தாள், சோப்புக்காரன் இழுத்தான். முதல் வியாபாரத்துக்கு எப்படி மாட்டேன் என்பது? கடைசியில் பயிற்றுநரும் என்னை மெல்ல மூலைக்குக் கூப்பிட்டு, தான் எழுதிய புத்தகத்தில் ஒன்றை வாங்கச் சொன்னார். வாங்கினேன். ராசி என்று ஒன்றுமே கிடையாது என்றுதான் அதிலும் எழுதியிருந்தது.

திரும்பி வந்தால் என் பைகள் வைத்தது வைத்தபடி. என் பையை நானே வாங்க முடியாதே. நீயாவது ஒன்று வாங்கித் தொடக்கிவை என்று மெழுகுதிரிக்காரியிடம் கெஞ்சினேன்.

"ஐயோ அக்கா, என்ட கை கூடாது. உங்கட யாவாரம் படுத்திரும்," என்றாள்.

மற்றவர்களும் அதே அக்கறையோடு மறுத்துவிட்டார்கள்.

மெஷின் அவளுக்குத்தான் கிடைத்தது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. அதன் மேல்தான் மெழுகுதிரி அடுக்குகிறாளாம்.

இந்தக் கதை எப்படியோ புறக்கோட்டைக்கும் வந்துவிட்டது. முதலாளி முதல்தடவையாக என்னோடு மரியாதையாகக் கதைத்தார்.

"பிள்ளை, இனி ஒவ்வொரு நாளும் முதல் யாவாரம் உங்கட கையாலதான்."

இப்போது தினமும் காலையில் என் சம்பளத்தில் ஒரு கைக்குட்டை வாங்குகிறேன். கடையில் நல்ல வியாபாரம். ஆட்கள் குறைவதே இல்லை. மத்தியானச் சாப்பாட்டையும் நின்றபடிதான் சாப்பிடுகிறேன்.