ஓரத்தில் நின்ற டிரம்மர்

இன்று பெஹாலாவில் ஒரு மொட்டை மாடியில், சின்ன பேண்ட் ஒன்றுக்கு மியூசிக் வீடியோ எடுத்தேன். லைட்டுக்கு வெயில், செட்டுக்குக் காயப்போட்ட புடவைகள். மாடி, டிரம்மர் ஷுபோவின் வீட்டு மாடி. எல்லோருக்கும் லூச்சி என்கிற மைதா பூரி பொரித்துத் தந்ததும் அவன் அம்மாதான்.

பாடகன் ரகு இங்கே வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். வாயில் லூச்சியோடு என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, ஷுபோவை ஃப்ரேம்ல ஓரமாவே வைங்க, அப்பறம் வெட்டிடலாம். வேற டிரம்மர் பாத்தாச்சு. அவன்கிட்ட இன்னும் சொல்லல. மாடி அவனோடதாச்சே!"

அருகிலேயே நின்ற ஷுபோ, ரகு என்ன சொன்னான் என்று என்னிடம் இந்தியில் கேட்டான்.

"நீ ஓரத்துல நின்னா லைட் பிரமாதமா விழுதாம்" என்றேன்.

சந்தோஷமாக டிரம்மைத் தானே இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனான். அவன் அம்மா என் தட்டில் இன்னும் இரண்டு லூச்சி வைத்தார். தின்றேன்.

பேக்கப் ஆனதும் ரகு ஷுபோவிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னான். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று ஷுபோவிடம் கேட்டேன்.

"உங்க கேமரா வேலை பிரமாதமாம், அண்ணா."

என் அரைகுறை வங்காளத்துக்கு, ரகு சொன்னது "அடுத்த தடவை வேற கேமராமேன்" என்றுதான் காதில் விழுந்தது.

அந்த அடுத்த தடவையில் தானும் இருக்கப்போவதாக நினைத்து ஷுபோ சிரிக்கிறான். வங்காளம் தெரிந்தவர்கள் யாராவது அவனிடம் சொல்லிவிடுங்களேன். எனக்கு அவ்வளவு வங்காளம் வராது.