இடுப்பில் செருகிய துவாய்

நேற்று அலுவலக மேசையைத் துப்புரவாக்கியபோது இழுத்துத் திறந்த லாச்சியின் அடியில் அந்தத் துவாய் கிடந்தது. முழுத் துவாய் அல்ல. அம்மா ஒரு வெள்ளைத் துவாயை மூன்றாக வெட்டி ஓரம் தைத்துத் தந்த துண்டு. அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விளையாடினேன். இப்போது நான் குடியிருக்கும் வோபர்னில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். போனில் ஒரு கேள்வி வந்து கிடக்கிறது. பதில் போடாமல் மேலே போனால் சோறு இறங்காது.

இங்கே பல்கலைக்கழகங்கள் ஆடும் ஃபுட்பால் நமக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை மாதிரி நீண்ட பந்தை எறிந்தோ, தூக்கிக்கொண்டு ஓடியோ மூன்று தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பந்தை முதலில் வாங்கி, எறிவதும் ஓடுபவனிடம் கொடுப்பதுமாக ஆட்டத்தை நடத்துபவன் குவாட்டர்பாக். அவன் எறியப்போகிறானா கொடுக்கப்போகிறானா என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இடத்தில் நான் நின்றேன் என்றால் எங்கட சனம் இன்றைக்கும் நம்பாது. அம்மாவே முதல் ஆட்டம் பார்த்துவிட்டு, "ஃபுட்பால் எண்டு கூட்டிக்கொண்டு வந்துபோட்டு, ஏன்ரா நிண்டு நிண்டு கையைத் துடைக்கிறாய்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

குவாட்டர்பாக்குகளைப் பழக்குவதற்கென்றே எங்களுக்கு ஒரு கோச் இருந்தார். நெட்டையான, சத்தம் போடாத வெள்ளைக்கார மனிதர். ஆட்ட வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். ஒரே காட்சியை நாலு தரம், ஐந்து தரம் பின்னால் ஓட்டுவார். எங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். என் இரண்டாம் வருட ஆட்டங்கள் முடிகிற நேரம், ஒரு பின்னேரம் என்னை மட்டும் கூப்பிட்டு இருத்தினார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்குள் அது எப்போதும் தமிழில்தான் கேட்கிறது.

"எறியப்போறதெண்டால் மட்டும் நீ கையைத் துவாயில துடைக்கிறாய். கொடுக்கிறதெண்டால் துடைக்கிறேல்லை. பார்."

பார்த்தேன். ஒரு தரம்கூடத் தப்பவில்லை. அவர் திரையை அணைத்துவிட்டுச் சொன்னார்: "உதுக்குப் பயப்பிடாத. உனக்கும் எனக்கும்தான் தெரியும். குளிருக்குள்ள திருத்திப்போடுவம்."

குளிர் வந்தது. தலைமைக் கோச்சை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். இந்த உலகத்தில் தலைமைக் கோச் போனால் அவர் கூட்டி வந்தவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் கோச்சுக்கு எங்களோடு ஒவ்வொரு வருடமும் மோதுகிற இன்னொரு பல்கலைக்கழக ரீமிலேயே வேலை கிடைத்தது. போகிற அன்று கை தந்தார். வடிவாய்ப் படி என்றார். துவாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புதிதாக வந்த கோச் என்னைக் கழற்றிப் பூட்டினார். கால் வைக்கிற விதம், பந்து பிடிக்கிற விதம், ஆட்ட முறைகளின் பெயர் எல்லாமே மாறின. அவரிடம் என் குறையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இரண்டாவது குவாட்டர்பாக் எப்போது நான் விழுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான். பழுது இருக்கிறது என்று நானே போய்க் காட்டிக்கொடுப்பதா? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் களவாகப் பழகினேன். துவாயை விட்டுவிட்டுப் பார்த்தேன். கை தன்பாட்டில் காற்சட்டையில் போய்த் துடைத்தது. எட்டு மாதம், போர்வைக்குள் படுத்தாலும் ஒரே யோசனைதான்: பழைய கோச் அங்கே சொல்லியிருப்பாரோ? சே, அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. ஆனால் சொல்லியிருந்தால்?

செப்டெம்பரில் அவருடைய புதிய ரீமோடு ஆட்டம் வந்தது. நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எறிந்தாலும் கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் துடைப்பது. மூன்று மணித்தியாலம் பைத்தியக்காரன் மாதிரித் துடைத்தேன். கடைசி நிமிடம், நாங்கள் நான்கு புள்ளி பின்னால், புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒன்பது யார் தூரம். இரண்டு தடவை ஓடுபவனிடம் கொடுத்தேன். களைப்பில் துடைக்க மறந்துபோனேன். மூன்றாவது, எறிய வேண்டும். கை துவாய்க்குப் போனது. அது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவன் கையை உயர்த்தி, "பாஸ்! பாஸ்!" என்று, நான் எறியப்போவதைத் தன் ஆட்களுக்குக் கத்திச் சொன்னான். எறிந்த பந்து அவன் கையிலேயே போய் இருந்தது.

ஆட்டம் முடிந்து பழைய கோச் மைதானத்தைக் கடந்து வந்தார். என் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சொன்னனான்," என்றார். "வேலைக்குப் போன முதல் நாளே கேட்டினம். அது என்ர வேலை."

எனக்கு அழுகை வந்தது. சொன்னதற்காக அல்ல. எட்டு மாதத்தில் ஒரு போன் அடித்து, 'பெடியா, நான் சொல்லிப்போட்டன், நீ கவனம்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனத்துக்காக நான் அவரோடு பிறகு கதைக்கவேயில்லை. அவர் கை நீட்டியபடி நின்றதும், நான் திரும்பி நடந்ததும், இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று நானும் குவாட்டர்பாக் கோச். போன கிழமை எங்கள் தலைமைக் கோச்சை நிற்பாட்டினார்கள். நேற்று நானும் பெட்டி கட்டினேன். எங்களோடு மோதுகிற இன்னொரு ரீமில் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். நான் மூன்று வருடம் பழக்கிய குவாட்டர்பாக் பழைய ரீமிலேயே நிற்கிறான். எறியப்போகிறான் என்றால் அவனுடைய வலக்கால் அரையடி பின்னால் போய்விடும். போன மாதம்தான் வீடியோவில் காட்டினேன். "உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்று சொன்னேனா? சொன்னேன். கடவுளே, அதே வசனம்.

அவனுடைய செய்தி ஒரே வரி: "கோச், அந்தக் கால் விசயத்தை அவையளுக்குச் சொல்லுவீங்களா?"

நான் கேட்கப் பயந்ததை இவன் கேட்டுவிட்டான். மாட்டேன் என்று போட்டால் இன்றிரவு நித்திரை வரும் எனக்கு. திங்கட்கிழமை அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன்; என்னை எனக்குத் தெரியும். நான்கு தரம் எழுதி அழித்தேன். ஐந்தாவதாக இப்படி எழுதினேன்: "ஓம், கேட்டால் சொல்லுவன். ஆனபடியால் அதுக்கு முதல் உன்ர புதுக் கோச்சிட்ட நீயே போய்ச் சொல்லு. ஒளிக்காத. நான் ஒளிச்சுத்தான் தோத்தனான்."

அனுப்ப இடக்கை விரலைக் கொண்டுபோனவன் ஒரு கணம் நின்று கீழே பார்த்தேன். என் வலக்கை மடியில் கிடந்த துவாயில் துடைத்துக்கொண்டிருந்தது.