சாட்சிக்கு இரண்டு பேர்

இரண்டு வருடத்துக்கு முன், ஓசூரில் நான் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதம் நடந்தது இது.

கல்யாணமான ஒன்றரை வருடத்தில் கணவர் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. ராசி கெட்டவள் என்று மாமியார் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அசெம்பிளி லைனில் நின்றே காலம் ஓடியது. அந்தச் சம்பளத்தில் லேஅவுட்டில் ஒரு சின்ன வீடு கட்டினேன். எனக்குப் பிறகு அது கல்லாவியில் இருக்கும் தங்கை மகளுக்குத்தானே போகும் என்று அசட்டையாக இருந்தேன்.

ஒருநாள் பத்திரம் எழுதுபவரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. "உயில் எழுதாம போய்ட்டீங்கன்னா, நீங்களே சம்பாரிச்ச வூடா இருந்தாலும் உங்க வூட்டுக்காரரோட வாரிசுங்களுக்குத்தாம்மா போவும்." என்னை விரட்டியவர்களுக்கு என் வீடா! உடனே எழுதச் சொன்னேன்.

"சாட்சிக்கு ரெண்டு பேரக் கூட்டிக்கினு வாங்க" என்றார். தங்கையும் அவள் கணவரும் வருவார்கள் என்றேன். "அவங்க பொண்ணுக்குத்தான வூடு? அவங்களே சாட்சி போட்டா, நாளைக்கு அதையே புடிச்சிக்கினு கேஸ் போடுவாங்க. உங்களத் தெரிஞ்ச வேற ஆளப் பாருங்கம்மா."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். சூப்பர்வைசர் சொந்த ஊருக்கே போய்விட்டார். லைனில் பதினைந்து வருடம் என் பக்கத்தில் நின்ற தோழி, "கோர்ட்டு கீர்ட்டுன்னு இழுத்தா எங்க வூட்ல திட்டுவாங்க" என்று நழுவிவிட்டாள். மற்ற எண்களெல்லாம் கேஸ், கேபிள், ஆட்டோ. முப்பது வருடம் ஒரே ஊரில் குப்பை கொட்டியவளுக்கு இரண்டு ஆள் தேறவில்லை. அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் மிச்சமிருந்தது 'எதிர்வீடு தண்ணி லாரி' என்று பதிந்துவைத்த எண். தளிப் பக்கத்துக் கன்னடக்காரப் பெண். லாரி வந்தால் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி பிடிப்போம். மற்றபடி வாசலில் பார்த்தால் "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பிட்டாச்சா என விசாரிப்பாள், நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை.

"எப்ப வரணும்க்கா? வியாழக்கெழம எங்க வூட்டுக்காரருக்கு லீவு. அவரையும் கூட்டிக்கினு வரேன்."

சொன்னபடியே இருவரும் ஆதார் அட்டையோடு பதிவு அலுவலகத்துக்கு வந்தார்கள். அட்டையைப் பார்த்துப் பத்திரம் எழுதுபவரே அவர்கள் விவரத்தை டைப் அடித்துக்கொண்டார். கையெழுத்தெல்லாம் முடிந்து உள்ளே கூப்பிட்டபோது, சார்பதிவாளர் அவளிடம் என்னைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாலே போதும்.

"பதினோரு வருசமாத் தெரியும் சார். காய்ச்சல்னா கதவே தொறக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கும் தனியாத்தான் போவாங்க, தனியாத்தான் வருவாங்க. தீபாவளிக்கும் அவங்க வூட்டுக்கு யாரும் வர மாட்டாங்க சார்."

அத்தனை பேர் நடுவில் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னைப் பார்க்க ஆளில்லை என்று இத்தனை வருடம் மனதுக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தேனே! அவள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வந்தார்கள் என்று ஒரு நாளாவது நான் கவனித்திருப்பேனா?

அவர்கள் சந்தைக்குப் போக வேண்டும் என்று அங்கிருந்தே கிளம்பிவிட்டார்கள். நான் தனியாக வீடு வந்து சேர்ந்தேன்.

பதிவான உயில் கைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். சாட்சிகள் இருக்கும் பக்கத்தில் கன்னடத்தில் அவள் கையெழுத்து, அதற்குக் கீழே தமிழில் டைப் அடித்த ஒரு பெயர். பதினோரு வருடம் எதிர்வாசலில் இருந்தவளின் பெயரை, நான் செத்த பிறகு பிரிக்க வேண்டிய காகிதத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.