யார் பக்கமும் நிற்காத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் தங்கையான நான், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக் குடும்பத்தில், இரண்டு அண்ணன்களுக்கு அடுத்துப் பிறந்தவர் அக்கா. பட்டப்படிப்பு முடித்ததும் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. வாய்தாவுக்கு வாய்தா வந்துபோய், ஒரே வழக்கில் நரைத்துப்போனவர்களை அங்கே தினமும் பார்த்தார். அந்த வேதனைதான், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் அவரையும் மாணவியாக்கியது. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சென்னையில் வார இறுதிகளில் நடந்த சமரசத் தீர்வு முதுகலைப் படிப்பில் சேர்ந்தார்.

"ரெண்டு பேர் சண்டைய வெலக்கிவிட எம்.ஏ. படிக்கணுமாம்மா?" என்று பெரியண்ணன் சிரித்தார்.

"வெலக்கிவிட இல்லண்ணா. ரெண்டு பேர் சொல்றதையும் முழுசா கேக்கறதுக்கு" என்றார் அக்கா.

சனிக்கிழமை விடியலில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, அவரைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவிடுவார். போகும் வழியிலேயே படித்துத் தேறினார். அதன்பின் சமரசம் தேடிவந்த எத்தனையோ குடும்பங்கள் அவர் முன்னால் உட்கார்ந்து பேசி, மனம் மாறி எழுந்து போயின.

அப்பா காலமானதும், தறிக்கூடம் யாருக்கு என்று அண்ணன்கள் முட்டிக்கொண்டார்கள். அக்கா இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். நானும் இருந்தேன்.

"நான் நடுவுல உக்காரக்கூடாதுண்ணா. எங்கூட படிச்ச ஒருத்தர் வருவாரு, அவர் முன்னாடி பேசுங்க" என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ யார் பக்கம்?" என்றார் பெரியண்ணன்.

"யார் பக்கமும் இல்லண்ணா."

"கூடப் பொறந்தவ யார் பக்கமும் இல்லன்னா, அப்புறம் எதுக்கும்மா நீ?" என்றார் சின்னண்ணன்.

அக்கா துரோகி என்பதில் மட்டும் அன்று இருவரும் ஒத்துப்போனார்கள். தறிக்கூட வழக்கு அவர் வேலை பார்த்த நீதிமன்றத்துக்கே வந்தது. தாழ்வாரத்தில் அவரைக் கண்டால் இருவருமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அக்கா தலை குனிந்து கடந்து போவார்.

புற்றுநோயில் படுத்தபோதும் அவர்கள் வரவில்லை. "அண்ணனுங்க வராங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "வந்துக்கினு இருக்காங்கக்கா" என்றேன். அது பொய் என்று அவருக்கும் தெரியும்.

அக்கா கண்மூடியதும், பிறந்த வீட்டுக் கோடி போர்த்த மட்டும் இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு பட்டுப்புடவையுடன். யார் புடவை முதலில் என்று அக்காவின் தலைமாட்டிலேயே சத்தம் போட்டார்கள். அழுதுகொண்டிருந்த மாமா எழுந்தார். "ரெண்டும் வேணாம்பா. எடுத்துக்கினு போங்க" என்றார். அக்கா வகுப்புக்கு உடுத்திப்போன பருத்திப் புடவை ஒன்றைத் தாமே போர்த்தினார்.

இறுதிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உடன் படித்த நண்பர்களுக்கும், ஒருகாலத்தில் எதிரெதிராக அக்கா முன் உட்கார்ந்து, அன்று சுடுகாடுவரை சேர்ந்து நடந்துவந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இம்மலரில் யார் பெயர் முதலில் வரும் என்று அண்ணன்கள் தனித்தனியே ஆளனுப்பிக் கேட்டார்கள். இருவர் பெயரையும் நான் போடவில்லை.