முதல் தட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேம்புலியம்மாளின் மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவளே பலகையாக இருந்தாள். எடை நூற்று முப்பத்திரண்டு கிலோ. அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே சமைப்பாள். பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பரிமாறுவதெல்லாம் புருஷன் துலுக்கானம்.

மதியம் பன்னிரண்டே கால் ஆனால் முதல் தட்டு அவளுக்கு. சோறு, குழம்பு, ரசம், பொரியல், ஒரு துண்டு மீன் என்று மலையாகக் குவித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, தட்டு காலியாகிற வரை சாப்பிடுவாள். மெஸ் ஆரம்பித்த புதிதில் எவனோ ஒருவன், "இது நேத்து வச்ச கொழம்பா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டான். அந்த ரோஷத்தில் பிடித்த பழக்கம் இது. "நான் துன்னப்பறம்தான் உங்களுக்கு" என்பாள். காத்திருக்கிற லேத்துக்காரர்களும் வெல்டர்களும் அந்தத் தட்டையும் அந்த உடம்பையும் பார்த்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். அதற்கப்புறம் குறை சொல்ல எவனுக்கு வாய் வரும்?

உடம்பு கடைக்கு உதவியது, அவளுக்கு உதவவில்லை. திருமுல்லைவாயிலில் தன் வீட்டு மொட்டை மாடியை அவள் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் ஏதோ ஞாபகம் வந்தவர்போல இறங்கிக்கொள்வார். சர்க்கரை, முட்டி வலி, படுத்தால் மூச்சுத் திணறல். எதையும் அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. மகள் அனுசுயா ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள், அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது.

"எம்மா, இப்டியே போனா என் கல்யாணத்துல நீ மணமேடைல நிக்கமாட்டே. செவுத்துல மாலையோட தொங்குவே" என்று ஒருநாள் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள்.

வேம்புலியம்மாள் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எந்த ஆஸ்பத்திரி, வா போலாம்" என்று செருப்பை மாட்டினாள்.

இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தது ஐந்து சின்னத் தழும்புதான். முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஆகாரம். தினமும் நூறு பேருக்குச் சோறு போட்டவள், வடிகட்டின பருப்புத் தண்ணீரை மூடி மூடியாகக் குடித்துக்கொண்டு கோபத்தில் அழுதாள். தங்கச்சி கன்னியம்மாள் இரண்டு மாதம் மெஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னாள் வேம்புலியம்மாள். வயிற்றையே வெட்டி எடுத்துக்கொண்டவள் சமைத்ததை எவன் நம்பிச் சாப்பிடுவான் என்று அவளுக்குப் பயம்.

வருஷம் திரும்புவதற்குள் நாற்பத்தாறு கிலோ போயிருந்தது. கொஞ்சம் முடியும் கொட்டியது, கையில் தோல் தொங்கியது. தொங்கட்டும் என்றாள். காலையில் மொட்டை மாடிக்கு ஏறித் தானே துணி உலர்த்தினாள். ஷேர் ஆட்டோவில் நடு சீட்டில், இரண்டு பேருக்கு இடையில், வெட்கமில்லாமல் சந்தோஷமாக உட்கார்ந்து போனாள்.

மெஸ் அடுப்புக்குத் திரும்பிய பிறகு முதல் தட்டுதான் சங்கடமாகிப் போனது. நாலு கரண்டிதான் உள்ளே போகும், அதையும் மென்று முடிக்க அரை மணி நேரம். அதை ஊர் பார்க்க வேண்டாமென்று உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வாசல் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. எஸ்டேட்காரன் கண்ணுக்கு அது தப்புமா? லேத் பட்டறை தங்கராஜ்தான் முதலில் வாயை விட்டார். "அக்கா செய்றத அக்காவே துன்றதில்ல. ஆளும் எளச்சுகினே போவுது. இன்னாமோ கீது" என்றார். ஒரு மாதத்தில் பாதி பெஞ்சு காலி. துலுக்கானம் மிஞ்சின சோற்றுக் குண்டானோடு வீட்டுக்கு வருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. பழைய தட்டை எடுத்துப் பழைய அளவுக்கே போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். துலுக்கானம் தலையைத் தலையை ஆட்டி வேண்டாமென்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஐந்து வாய் நன்றாகப் போனது. பத்தாவது வாயில் நெஞ்சை அடைத்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று இன்னும் இரண்டு வாய் தள்ளினாள். அப்புறம் குழாயடிக்கு ஓடினாள். அத்தனை பேர் எதிரில் வாந்தி எடுத்தாள். தலையைத் துலுக்கானம் பிடித்துக்கொண்டார். அவள் முகம் கழுவித் திரும்பியபோது சோறு போடாத தட்டுகள் அப்படியே கிடந்தன, ஆட்கள் இல்லை.

அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து, இனிமேல் மெஸ்ஸை மூடிவிடலாம் என்றாள். அனுசுயா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஒளிக்கிறே? யார் ஊட்டுலயாவது திருடினியா இன்னா?"

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு ஏழே பேர் வந்திருந்தார்கள். தங்கராஜும் இருந்தார், பழக்கம் விடவில்லை. வேம்புலியம்மாள் ஒரு காபிக் கிண்ணத்தில் நாலு கரண்டி போட்டுக்கொண்டு அவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து வாந்தி எடுத்தது சோத்தால இல்ல. என் வவுத்த ஆபரேஷன் பண்ணி சின்னதாக்கி வச்சுகீறாங்க. இவ்ளோதான் புடிக்கும். கர்ப்பப்பைன்னு சொன்னது பொய், பயந்துகினு சொன்னேன். இத்த துன்னு முடிக்கவே அரை அவர் ஆவும். நீங்க காத்துகினு இருக்காதீங்க, துன்னுங்க."

துலுக்கானம் பரிமாறினார். அவள் ஒரு வாயை நிதானமாக மென்றாள்.

தங்கராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாலு கரண்டில ருசி தெரியுமாக்கா?"

"இப்பத்தான் தெரியுது. முன்னெல்லாம் பசில உள்ள தள்ளுவேன். ஆபரேஷனுக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது, இத்தினி வருஷமா ரசத்துல உப்ப அள்ளிக் கொட்டிகினு இருந்தேன்னு. அத்தொட்டு இப்ப கொறச்சுட்டேன்."

"அய்யோ அக்கா, ரசம் திடீர்னு நல்லாயிட்டதாலதான் இது உன் கையே இல்ல, அத்தொட்டுதான் நீ துன்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். வேம்புலியம்மாளுக்குக் கோபம் வந்தது.

"பத்தொம்போது வருஷமா உப்புன்னு தெரிஞ்சுகினே துன்னீங்களா? ஒருத்தனுக்கும் வாய் இல்லியா?"

"எப்டிக்கா சொல்றது? நீ எதிர்லயே முழுத் தட்டையும் காலி பண்ணிட்டு உக்காந்துகினு இருந்தே."

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். பிறகு சிரித்தாள், தையல் போட்ட வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து, துலுக்கானத்தின் கையிலிருந்து ரச வாளியை வாங்கிக்கொண்டாள். மெஸ் ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாகப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு தட்டிலும் ஊற்றி, ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

கடைசிப் பெஞ்சில் இருந்த வெல்டர் அஸ்வின் உறிஞ்சிப் பார்த்தான், துலுக்கானத்தைப் பார்த்தான், தைரியத்தை வரவழைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மிக்கா."

"இப்டி சொல்லு நைனா" என்று அவன் தலையைத் தடவிவிட்டு, உப்புக் கிண்ணத்தை எடுத்து வரத் தானே நடந்து போனாள்.